சமரசப் பேச்சு நடக்கும்போது நிர்வாகம் பழிவாங்கினால் சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும்?

கேள்வியின் சாரம் இது. ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் 240 நிரந்தரத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். சங்கம் பதிவாகி, ஊதிய உயர்வுக் கோரிக்கைப் பட்டியல் கொடுக்கப்பட்டு, தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்பு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் சங்கச் செயலாளர் சஸ்பெண்ட் செய்யப்பட்டிருக்கிறார். பொருளாளர் வட மாநிலக் கிளைக்கு மாற்றப்பட்டிருக்கிறார். சங்கக் கூட்டத்துக்கு வந்த பயிற்சித் தொழிலாளர்கள் மூவரிடம் நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் இவர்களைக் காக்குமா, உடனே வேலைநிறுத்தத்தில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டம் காக்கும்; ஆனால் இவர்கள் எல்லோரையும் ஒரே அளவில் காக்காது. இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பு, நிர்வாகத்தின் உள்நோக்கத்தை நிரூபிப்பதைவிட, எந்தத் தேதியில் எந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது, அந்தத் தேதியில் ஒரு தாவா நிலுவையில் இருந்ததா, எழுத்தில் என்ன இருக்கிறது என்பவற்றையே பெரிதும் சார்ந்திருக்கிறது. உள்நோக்கம் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், தேதியும் காகிதமும் சரியாக இல்லாததால் தோற்றுப்போன வழக்குகள் ஏராளம். ஆகவே அநியாயம் நடந்திருக்கிறது என்ற நியாயமான கோபத்தோடு நின்றுவிடாமல், இன்றே ஒரு காகிதத்தில் தேதிவாரியாக நடந்தவற்றை எழுதி வையுங்கள்: சங்கம் பதிவான நாள், கோரிக்கைக் கடிதம் கொடுத்த நாள், சமரச அலுவலரிடமிருந்து முதல் அறிவிப்பு வந்த நாள், முதல் கூட்டம் நடந்த நாள், ஒவ்வொருவர் மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்ட நாள். கீழே சொல்பவை எல்லாம் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பொருந்தும் அல்லது பொருந்தாமல் போகும்.

எந்தச் சட்டம் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்தத் துறையை ஆண்டது 1947ஆம் ஆண்டின் தொழில் தாவாச் சட்டம். அதன் இடத்தில், 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. சங்கத்தில் மூத்தவர்களும் வழக்கறிஞர்களும் இன்னும் பழைய சட்டத்தின் எண்களில் '33ஆவது பிரிவு', '2ஏ மனு' (தனிநபர் டிஸ்மிஸ் தாவா), '12(3) ஒப்பந்தம்' (சமரச அலுவலர் முன் கையெழுத்தாகும் ஒப்பந்தம்) என்றுதான் பேசுவார்கள். அது தவறும் அல்ல, ஏனென்றால் பழிவாங்கல் தொடர்பான தீர்ப்புகள் எல்லாம் அந்த எண்களின் கீழ்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பழைய 33 இப்போது 90ஆம் பிரிவு, பழைய 33ஏ இப்போது 91ஆம் பிரிவு. வாசகம் ஏறக்குறைய அப்படியே வந்திருக்கிறது என்பதால், பழைய தீர்ப்புகளைத் தயங்காமல் எடுத்துக்காட்டலாம்.

இந்த 90ஆம் பிரிவுதான் உங்கள் விஷயத்தின் உயிர்நாடி. சமரச அலுவலர் முன்போ, நடுவர் முன்போ, தீர்ப்பாயத்தின் முன்போ ஒரு தாவா நிலுவையில் இருக்கும் காலம் முழுவதும் வேலையளிப்பவரின் கையை அது இரண்டு விதமாகக் கட்டுகிறது. முதலாவது, தாவாவோடு தொடர்புள்ள விஷயங்கள்: அவற்றில் தொழிலாளர்களுக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றவோ, தாவாவோடு தொடர்புள்ள ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ வேண்டுமென்றால், அந்த அதிகாரியிடம் எழுத்து மூலம் முன் அனுமதி பெற்றாக வேண்டும். இரண்டாவது, தாவாவோடு தொடர்பில்லாத ஒழுங்கீனம்: அதற்காக டிஸ்மிஸ் செய்யலாம், ஆனால் ஒரு மாத ஊதியத்தைக் கொடுத்து, தாவா நிலுவையில் உள்ள அதிகாரியிடம் ஒப்புதல் கேட்டு விண்ணப்பித்திருக்க வேண்டும். நீக்குவது, ஊதியம் கொடுப்பது, விண்ணப்பிப்பது ஆகிய மூன்றும் ஒரே செயலின் பகுதிகளாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. டிஸ்மிஸ் செய்துவிட்டு, சில வாரங்கள் கழித்து ஆற அமர விண்ணப்பிப்பது செல்லாது.

ஒப்புதல் கேட்காமலே நீக்கினால் என்ன ஆகும்? இதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. 2002இல், ஜெய்ப்பூர் ஜில்லா சஹகாரி பூமி விகாஸ் வங்கி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதைத் தீர்த்துவைத்தது. ஒப்புதல் கேட்கப்படாவிட்டாலும், கேட்டு மறுக்கப்பட்டாலும், அந்த டிஸ்மிஸ் உத்தரவு செயலற்றது. தொழிலாளி வேலையில் தொடர்ந்து இருந்ததாகவே கருதப்பட வேண்டும். அவர் தனியாக ஒரு வழக்குப் போட்டு அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டிய அவசியம்கூட இல்லை. என் மதிப்பீட்டில், பழிவாங்கலுக்கு எதிராக இந்தியத் தொழிலாளிக்குக் கிடைத்திருக்கும் மிக வலுவான தீர்ப்பு இதுதான். ஒப்புதல் விண்ணப்பம் வந்தாலும் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்த முடியாது. 1978இல் டி.சி.எம். கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கில் சொல்லப்பட்டபடி, உள்விசாரணை நிலையாணைப்படியும் (ஆலையின் சான்றளிக்கப்பட்ட பணி விதிகள்) இயற்கை நீதிப்படியும் நடந்ததா, முதல் நோக்கில் சாட்சியம் இருக்கிறதா, நிர்வாகம் நல்லெண்ணத்துடன் முடிவெடுத்ததா அல்லது பழிவாங்கியதா, ஒரு மாத ஊதியம் தரப்பட்டதா, விண்ணப்பம் உரிய நேரத்தில் வந்ததா என்று பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் என்று நிர்வாகம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 'தாவாவில் சம்பந்தப்பட்ட தொழிலாளர்' என்ற சொல்லுக்கு, தாவாவின் முடிவால் கட்டுப்படக்கூடிய அனைவரும் என்று உச்ச நீதிமன்றம் 1960இலேயே பொருள் கூறியிருக்கிறது. பொது ஊதிய உயர்வுத் தாவா என்றால் ஆலையின் எல்லாத் தொழிலாளர்களும் அதற்குள் வருவார்கள்.

ஆனால் இந்தக் குடை எப்போது விரிகிறது, எப்போது மடங்குகிறது என்பதுதான் வழக்கின் போக்கையே மாற்றும் கேள்வி. கோரிக்கைக் கடிதம் கொடுத்த நாளில் அது விரிவதில்லை. வேலைநிறுத்த அறிவிப்பைப் பெற்ற பிறகு சமரச அலுவலர் நடத்தும் முதல் கூட்டத்தின் தேதியில் சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கருதப்படும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. அனுபவமுள்ள நிர்வாகங்கள் இதை நன்றாக அறிந்தவை. சங்கம் பதிவுக்கு விண்ணப்பித்த வாரத்திலேயே, அதாவது எந்தத் தாவாவும் எழும் முன்பே, முன்னணியில் நிற்பவர்களைக் குறிவைப்பதற்குக் காரணம் இதுவே. மடங்கும் இடத்தையும் பாருங்கள். பழைய சட்டத்தில், சமரசம் முறிந்ததாக அறிக்கை அரசுக்குப் போன பிறகு, அரசு தாவாவைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும்வரை மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேல், இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் எந்தத் தாவாவும் 'நிலுவையில்' இல்லை. நிர்வாகங்கள் அந்த நாட்களுக்காகக் காத்திருந்து கொத்துக் கொத்தாக டிஸ்மிஸ் செய்ததுண்டு. புதிய தொகுப்பில் அரசு அனுப்ப வேண்டிய கட்டம் இல்லை. சமரசம் முறிந்த அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் சம்பந்தப்பட்ட தரப்பே நேரடியாகத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். புதிய தொகுப்பின் பல அம்சங்கள் தொழிலாளிக்குப் பாதகமானவை என்றே நான் கருதுகிறேன். இந்த ஒரு மாற்றம் சங்கத்தின் கைக்கு ஒரு பிடியைத் தந்திருக்கிறது. 90 நாள் இருக்கிறதே என்று இருந்துவிடாமல், அறிக்கை கைக்கு வருவதற்கு முன்பே மனுவைத் தயாரித்து வைத்து மறுநாளே தாக்கல் செய்தால் இடைவெளி ஏறக்குறைய இல்லாமல் போகும்.

சங்க நிர்வாகிகளுக்கு இன்னொரு கூடுதல் அரண் உண்டு: 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்'. மொத்தத் தொழிலாளர்களில் 1 சதவீதம் பேரை, குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர் என்ற வரம்புக்குள், இப்படி அங்கீகரிக்க வேண்டும். 240 பேர் உள்ள உங்கள் ஆலைக்கு 5 பேர். இவர்களைத் தாவா நிலுவையில் இருக்கும்போது நீக்கவோ தண்டிக்கவோ வேண்டுமென்றால், ஒழுங்கீனம் தாவாவோடு தொடர்புடையதோ இல்லையோ, முன் அனுமதி கட்டாயம். ஆனால் சங்கத்தின் பதவியில் இருப்பதால் மட்டும் ஒருவர் பாதுகாக்கப்பட்ட தொழிலாளராகிவிடுவதில்லை. சங்கம் ஒவ்வோர் ஆண்டும் விதியில் சொன்ன தேதிக்குள் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். மத்திய விதிகளில் அந்தத் தேதி ஏப்ரல் 30. நிர்வாகம் 15 நாட்களுக்குள் அங்கீகரித்துப் பதில் தர வேண்டும். பெரும்பாலான புதிய சங்கங்கள் இந்த ஒரு கடிதத்தை அனுப்பத் தவறுகின்றன. நீங்கள் அனுப்பவில்லை என்றால் இந்த வாரமே அனுப்புங்கள். நிர்வாகம் பதில் தராவிட்டால் அதையே சமரச அலுவலரிடம் தாவாவாக எழுப்பலாம்.

இனி செயலாளரின் சஸ்பென்ஷனுக்கு வருகிறேன். இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசாரணையை எதிர்நோக்கிச் செய்யப்படும் தற்காலிகப் பணிநீக்கம் தண்டனை ஆகாது என்பது நீதிமன்றங்களின் நெடுநாள் நிலைப்பாடு. எனவே அந்த உத்தரவு மட்டுமே 90ஆம் பிரிவை மீறியது ஆகாது. அதன் தொடர்ச்சியாக வரக்கூடிய டிஸ்மிஸ்தான் பிரிவுக்குள் வரும். அதுவரை செயலாளருக்குப் பிழைப்பூதியம் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 சதவீதம், அடுத்த 90 நாட்களுக்கு 75 சதவீதம், 180 நாட்களைத் தாண்டினால் முழு ஊதியம். புதிய தொகுப்பில் சஸ்பென்ஷன் தொடங்கிய 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்ற நல்ல விதி இருக்கிறது. ஆனால் அது நிலையாணை அத்தியாயத்தில் இருக்கிறது. அந்த அத்தியாயம் 300 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள ஆலைகளுக்குத்தான் பொருந்தும். பழைய சட்டத்தில் இந்த வரம்பு 100. உங்களைப் போன்ற 240 பேர் ஆலைகள் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளப்பட்டதை நான் பெரும் அநீதியாகவே பார்க்கிறேன். உங்கள் ஆலைக்கு ஏற்கெனவே சான்றளிக்கப்பட்ட நிலையாணை இருந்தால் அதன் பிரதியைத் தேடி எடுங்கள். அது பணி நிபந்தனையின் பகுதியாகிவிட்டது, தாவா நிலுவையில் இருக்கும்போது அதைக் கைவிட முடியாது என்று வாதிட வழி இருக்கிறது.

உள்விசாரணையைப் பலர் வெறும் சடங்கு என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். எப்படியும் நீக்கத்தான் போகிறார்கள், போய் என்ன பயன் என்ற விரக்தி எனக்குப் புரிகிறது. ஆனால் பிற்காலத்தில் தீர்ப்பாயத்தின் மேசையில் முதலில் விரிக்கப்படும் கோப்பு அந்த விசாரணைக் கோப்புதான். குற்றச்சாட்டு குறிப்பாணை கைக்கு வந்ததும், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன சொன்னதாகக் குற்றச்சாட்டு என்பது தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். 'நிர்வாகத்துக்கு எதிராகத் தொழிலாளர்களைத் தூண்டினீர்கள்' என்று மட்டும் இருந்தால், விவரம் கேட்டு எழுத்தில் பதில் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. முழு உரையாடலின் பிரதியையும் அதைக் கொடுத்தவர் யார் என்பதையும் கேளுங்கள், அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புக் கேளுங்கள். பதிலில் சினம் வேண்டாம். 'குறிப்பாணையில் கண்ட குற்றச்சாட்டுகளை முழுவதுமாக மறுக்கிறேன். ஊதிய உயர்வுத் தாவா சமரச அலுவலர் முன் நிலுவையில் உள்ள நிலையில், சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் செயல்பட்டதற்காகவே இந்த நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்ற இரண்டு வாக்கியங்கள் பல பக்க வசைமொழியைவிட மதிப்புள்ளவை, ஏனெனில் பழிவாங்கல் என்ற வாதம் முதல் நாளிலேயே பதிவாகிவிடுகிறது. விசாரணை அதிகாரி எழுதும் நடவடிக்கைக் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்; நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் கையெழுத்துக்கு மேலே அதை உங்கள் கையாலேயே எழுதுங்கள். அன்றன்றைக்கே பிரதி கேளுங்கள். மறுத்தால், மறுத்தார்கள் என்பதை அன்று மாலையே பதிவுத் தபாலில் எழுதி அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

பொருளாளரின் இடமாற்றம் இன்னும் நுட்பமானது. நியமனக் கடிதத்தில் 'இந்தியாவின் எந்தக் கிளைக்கும் மாற்றலாம்' என்ற நிபந்தனை இருந்தால், மாற்றம் பணி நிபந்தனையை மாற்றியதாகாது என்று நிர்வாகம் சொல்லும். அப்படி ஒரு வரி இல்லாவிட்டால், அது அப்பட்டமான மாற்றம், 90ஆம் பிரிவின் மீறல். நிபந்தனை இருந்தாலும், நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் தீய நோக்கத்துடன் இடமாற்றம் செய்வது, சட்டம் தடை செய்திருக்கும் 'முறையற்ற தொழிலாளர் நடவடிக்கைகளின்' பட்டியலில் இருக்கிறது. இதே ஆலையில் இதற்குமுன் எந்த ஆபரேட்டராவது வெளிமாநிலத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறாரா, அந்தக் கிளையில் அவர் செய்யும் வேலைக்கு இயந்திரம் இருக்கிறதா, மாற்றத்துக்கு முந்தைய வாரம் என்ன நடந்தது என்பவை நோக்கத்தைக் காட்டும் சான்றுகள். ஆனால், பலர் வேலையைப் பறிகொடுப்பது மாற்ற உத்தரவால் அல்ல, போகாமல் வீட்டில் இருந்ததால். 'அனுமதியின்றி வேலைக்கு வரவில்லை' என்ற தனிக் குற்றச்சாட்டை அது நிர்வாகத்துக்கு வாரி வழங்குகிறது. ஆட்சேபணையை எழுத்தில் பதிவு செய்யுங்கள், சமரச அலுவலரிடம் உடனே புகார் கொடுங்கள், மாற்றத்தை நிறுத்திவைக்கும்படி அவரை நிர்வாகத்துக்கு அறிவுறுத்தச் சொல்லுங்கள். அதுவும் நடக்காவிட்டால், உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் ஆட்சேபணையுடன் பணியில் சேர்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்வதே பெரும்பாலும் பாதுகாப்பான வழி. குடும்பத்தை விட்டு அத்தனை தொலைவு போவது எத்தனை கொடுமை என்பது தெரிந்தும்தான் இதைச் சொல்கிறேன்.

பயிற்சித் தொழிலாளர்களின் நிலை எல்லோரையும்விடப் பலவீனமானது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் முறையாக ஒப்பந்தம் பதிவான பயிற்சியாளர் 'தொழிலாளர்' அல்ல என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அவருக்கு இந்தப் பாதுகாப்புகள் கிட்டாது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் 'டிரெய்னி' என்று பெயர் சூட்டப்பட்டு, மூன்று ஷிஃப்டிலும் உற்பத்திக் கணக்கோடு நேரடியாக லைனில் நிற்பவர்கள் ஏராளம். பெயர் எதுவானாலும் செய்யும் வேலை உற்பத்தி வேலையாக இருந்தால் அவரைத் தொழிலாளர் என்று நிறுவ முடியும். அதற்கு வருகைப் பதிவு, ஷிஃப்ட் அட்டவணை, உற்பத்திப் பதிவேட்டில் அவர் பெயர், வங்கிக் கணக்குக்கு வந்த தொகை ஆகியவை வேண்டும். தமிழ்நாட்டில் 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. 480 நாள் நெருங்கும்போதே நீக்கப்பட்டவர் அதையும் சேர்த்து எழுப்பலாம். வாய்வார்த்தையாக 'வர வேண்டாம்' என்றால், மறுநாள் காலை ஷிஃப்ட் நேரத்துக்கு வாயிலில் போய் நின்று, உள்ளே விடவில்லை என்பதை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் அவர்களாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்பதுதான் நிர்வாகத்தின் பதிலாக இருக்கும். மிரட்டி ராஜினாமா எழுதி வாங்கியிருந்தால், அன்றே அதைத் திரும்பப் பெறும் கடிதம் போக வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதமும் அந்த ராஜினாமாவை உண்மையாக்கும்.

முறையற்ற தொழிலாளர் நடவடிக்கைகளின் பட்டியலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதையே முதன்மையான ஆயுதமாக நினைக்கிறார்கள். 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பழைய சட்டத்தில் ஐந்தாவது அட்டவணையாகச் சேர்க்கப்பட்ட இந்தப் பட்டியல் இப்போது தொகுப்பின் இரண்டாவது அட்டவணை. சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவது, நிர்வாகமே ஒரு சங்கத்தை உருவாக்குவது, சங்கம் உருவாகும் நேரம் பார்த்து ஊதியத்தை உயர்த்திச் சங்கத்தைக் குலைப்பது, பொய்க் குற்ற வழக்கில் சிக்கவைத்து நீக்குவது, தாவாவில் நிர்வாகத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னவரைத் தண்டிப்பது, சட்டப்படியான வேலைநிறுத்தத்துக்குப் பின் வேலைக்குத் திரும்ப நன்னடத்தை உறுதிமொழியில் தனித்தனியாகக் கையெழுத்துக் கேட்பது ஆகியவை அதில் இருக்கின்றன. 2011இல் மாருதி சுசுகியின் மானேசர் ஆலையில் வாயிலை ஒரு மாதத்துக்கும் மேல் அடைத்துப் போட்ட தகராறின் மையமே இந்த நன்னடத்தை உறுதிமொழிதான். பட்டியல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பழைய சட்டத்தில் அதற்கான தண்டனை 6 மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம். வழக்குத் தொடர அரசின் புகார் தேவை என்பதால், சிறைக்குப் போன முதலாளியைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை. புதிய தொகுப்பில் அபராதம் 10,000 முதல் 2,00,000 ரூபாய்வரை. அரசின் புகார் இல்லாமல் நீதிமன்றம் கையில் எடுக்காது என்பது அப்படியே இருக்கிறது. ஆகவே இந்தப் பட்டியலைத் தண்டனைக்காகப் பயன்படுத்துவதைவிட, டிஸ்மிஸ் வழக்கில் நிர்வாகத்தின் தீய நோக்கத்துக்குச் சான்றாகப் பயன்படுத்துவதே பலன் தரும். சங்கம் வைத்ததற்காகத் தொழிலாளியைத் துன்புறுத்தக் கூடாது என்று 1949இல் உருவான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 98ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

90ஆம் பிரிவு மீறப்பட்டால் செய்ய வேண்டியது 91ஆம் பிரிவின் கீழ் புகார். இதுவே வேகமான பாதை. தாவா சமரச அலுவலர் முன் இருந்தால் அவரிடம் புகார் கொடுக்கலாம். அவர் அதைச் சமரசத்தின்போது கணக்கில் எடுப்பார். தீர்ப்பாயத்தின் முன் இருந்தால், அந்தப் புகாரையே ஒரு தனித் தாவாவாகக் கருதி அது தீர்ப்பளிக்கும்.

பாதுகாப்புக் காலத்துக்கு வெளியே ஒருவர் நீக்கப்பட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. தனிநபரின் டிஸ்மிஸ், சங்கத்தின் ஆதரவு இல்லாமலே தொழில் தாவா ஆகும். சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாட்கள் ஆகிவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு நேரடியாகப் போகும் இந்த உரிமை மாநிலத் திருத்தத்தால் 1988இலேயே கிடைத்துவிட்டது; நாடு முழுவதற்கும் 2010இல்தான் வந்தது. ஒரு எச்சரிக்கை: பழைய சட்டத்தில் 3 ஆண்டாக இருந்த காலவரம்பு புதிய தொகுப்பில் 2 ஆண்டு. தீர்ப்பாயம் தண்டனை மிகை என்று கண்டால் குறைக்கலாம், வேலையைத் திருப்பித் தரலாம். 1971இல் பழைய சட்டத்தில் 11ஏ பிரிவு வந்ததிலிருந்து உள்ள இந்த அதிகாரம் புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்னூதியத்தைப் பொறுத்தவரை, 2013இல் ஓர் ஆசிரியையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பெரும் துணை: வேறு வேலை கிடைக்கவில்லை என்று தொழிலாளி சொன்னால் போதும், அவர் வேறெங்கோ சம்பாதித்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. வென்ற பிறகு நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய ஊதியத்தைத் தர வேண்டும் என்ற பழைய 17பி பாதுகாப்பையும் மறக்காமல் கேளுங்கள். அதற்கு, வேறு எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும்.

சங்கத் தலைவர்கள் மீது நஷ்டஈட்டு வழக்குப் போடுவோம் என்று நிர்வாகம் மிரட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த மிரட்டல் சென்னைக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று, பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. 1920இல் பக்கிங்காம் ஆலைத் தகராறின்போது அந்த ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டியதாக வாடியா உள்ளிட்டோர் மீது தடையுத்தரவு வாங்கியது. இறுதியில் அவர் சங்கத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. சங்கம் நடத்துவதே சட்டப்படி ஆபத்தான காரியம் என்பதை அந்த வழக்கு நாட்டுக்குக் காட்டியது. தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் பாதுகாப்புச் சட்டம் கோரித் தீர்மானம் கொண்டுவர, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பதிவான சங்கத்தின் நிர்வாகிகள் தொழில் தாவாவை முன்னெடுப்பதற்காகச் செய்யும் செயல்களுக்கு, ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் உரிமையியல் வழக்குத் தொடர முடியாது என்ற விலக்கு அன்று கிடைத்தது. புதிய தொகுப்பிலும் இருக்கிறது. வன்முறைக்கும் சொத்துச் சேதத்துக்கும் அந்த விலக்கு கிடையாது.

கடைசியாக வேலைநிறுத்தம். இப்போது வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. பழைய சட்டத்தில், பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அறிவிக்கப்படாத ஆலைகளில், சமரச அலுவலர் முன் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் செய்யச் சட்டத் தடை இருக்கவில்லை. புதிய தொகுப்பு எல்லா ஆலைகளுக்கும் 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கி, சமரசம் நடக்கும்போதும் அது முடிந்து 7 நாட்கள்வரையும், தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கும்போதும் அது முடிந்து 60 நாட்கள்வரையும் தடை போட்டிருக்கிறது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சி.எல். (தற்செயல் விடுப்பு) எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக மட்டுமே ஒருவரை டிஸ்மிஸ் செய்வது நியாயமாகாது, வன்முறை செய்தவரையும் அமைதியாக நின்றவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. ஆனாலும் 8 நாள்வரை ஊதியப் பிடித்தம், அபராதம், புதிய குறிப்பாணைகள் என்று இப்போது உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் கைமாறிவிடும்.

பேச்சுவார்த்தை உடன்பாட்டில் முடியும் வாய்ப்புத் தெரிந்தால், ஊதியத் தொகைக்குக் கொடுக்கும் கவனத்தைப் பழிவாங்கல் தடுப்பு வாசகத்துக்கும் கொடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15 அன்று முடிந்தபோது, வேலைக்குத் திரும்புவோர் மீது பழிவாங்கும் நடவடிக்கை இருக்காது என்பது உடன்பாட்டில் இடம்பெற்றிருந்தது. அப்படியிருந்தும் 2025 பிப்ரவரியில் சங்க நிர்வாகிகள் சிலர் சஸ்பெண்ட் செய்யப்பட்டு, உள்ளிருப்புப் போராட்டம் வெடித்தது. பொதுப்படையான ஒரு வரி போதாது என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் தேட வேண்டியதில்லை. எனவே சமரச அலுவலர் முன் கையெழுத்தாகும் ஒப்பந்தத்திலேயே, செயலாளரின் பெயரும் சஸ்பென்ஷன் எந்தத் தேதியில் ரத்தாகிறது என்பதும், பொருளாளரின் மாற்ற உத்தரவின் எண்ணும் அது திரும்பப் பெறப்படுவதும், மூன்று பயிற்சித் தொழிலாளர்கள் எந்தத் தேதியில் எந்தப் பிரிவில் மீண்டும் சேர்கிறார்கள் என்பதும், இடைப்பட்ட நாட்கள் பணிக்காலமாகக் கணக்கிடப்படும் என்பதும், நிலுவையிலுள்ள குறிப்பாணைகள் எண்வாரியாகக் கைவிடப்படுகின்றன என்பதும் எழுதப்பட வேண்டும். இவற்றை ஒப்புக்கொள்ள நிர்வாகம் மறுத்தால், அந்த மறுப்பையும் அன்றைய கூட்டக் குறிப்பில் பதிவு செய்யும்படி சமரச அலுவலரிடம் கேளுங்கள்.